கல்லுக்கு அடியில் கரி

அன்று அங்கே யார் யார் இருந்தார்கள் என்று முதலில் சொல்லிவிடுகிறேன்.

சிவதாணு அண்ணாச்சி. அரிசிக்கடைக்காரர். பூதப்பாண்டியிலிருந்து வந்து எங்கள் முக்கில் கடை போட்டவர். இங்கே யாருக்கும் சொந்தக்காரர் இல்லை. அதனாலேயே எந்த வழக்கைப் பேசித் தீர்ப்பதற்கும் அவரைக் கூப்பிடுவார்கள்.

ஞானதாஸ் சார். ஓய்வு பெற்ற வாத்தியார். சபைக் கமிட்டியில் இருந்தவர். இவரும் மத்தியஸ்தர்.

ராஜமணி. குவைத்தில் இருந்துவிட்டு ஊரோடு வந்தவன். தன் விளையைச் சுற்றி மதில் கட்டக் கல் இறக்கி வைத்திருந்தான். எங்கள் ஊரில் விளை என்றால் தோட்டம்.

லீலாபாய் அக்கா. ராஜமணியின் விளைக்குப் பின்னால் வீடு. ரோட்டுக்கு வர ஒரே வழிதான். அது ராஜமணியின் விளை ஓரமாக வருகிறது.

சுவாமிதாஸ் அண்ணன். அக்காவின் வீட்டுக்காரர். இரண்டு கிட்னியும் போனவர். வாரம் இரண்டு தடவை நெய்யூர் ஆஸ்பத்திரிக்கு டயாலிசிஸுக்குப் போக வேண்டும். சிவப்பு பிளாஸ்டிக் நாற்காலியில் வைத்துத் தூக்கி வந்து நிழல் பார்த்து உட்கார வைத்திருந்தார்கள்.

பிறகு நான். கொத்தனார். கையில் குழி தோண்டும் கூந்தாலி.

ஆறு பேர். ஞாயிற்றுக்கிழமை, ஆராதனை முடிந்து வந்த நேரம். எங்கள் நடுவில் முழங்கால் உயரத்தில் ஒரு கல் நின்றது.

என்ன தகராறு

அந்த வழிக்கு ஒரு பக்கம் தண்ணீர் ஓடும் சானலின் கல்கட்டு. மறுபக்கம் ராஜமணியின் விளை. உள்முனைக்கு ஒரு புளிய மரம் அடையாளம். ரோட்டு முனைக்கு அந்தக் கல்.

ராஜமணியின் அப்பாவும் சுவாமிதாஸ் அண்ணனும் சித்தப்பா பெரியப்பா மக்கள். நிலம் பாகம் வைத்தபோது வழிக்குச் சண்டை வந்தது. பேசித் தீர்த்துக் கல் நட்டார்கள். நட்டது நான். முப்பது வருடத்துக்கு மேல் இருக்கும். அன்று மத்தியஸ்தம் பேசியவர் ஒரு ஹெட்மாஸ்டர். அவர் இப்போது இல்லை. ராஜமணியின் அப்பாவும் இல்லை.

எழுத்து எதுவும் கிடையாது. வழி ஐந்தடி என்று பேச்சு என்பார் சுவாமிதாஸ் அண்ணன். டேப் வைத்துப் பார்த்தால் கல்கட்டிலிருந்து கல்லுக்கு நாலே கால் அடிதான் இருந்தது.

நாலே கால் அடியில் ஆட்டோ நுழையாது. மதில் இல்லாதவரைக்கும் கல்லைச் சுற்றி, ராஜமணியின் விளையில் ஏற்றி ஓட்டிக்கொண்டு வந்துவிடுவார்கள். மதில் எழும்பிவிட்டால் அது நடக்காது. அண்ணனை வாரம் இரண்டு நாள் தூக்கிக்கொண்டுதான் ரோட்டுக்குப் போக வேண்டும்.

"அஞ்சடி தந்ததாக்கும். உனக்க அப்பன் கல்லப் பிடுங்கி இங்கோட்டு நட்டிருக்கான்" என்றாள் அக்கா.

ராஜமணிக்கு முகம் கறுத்துவிட்டது. "சித்தி, வழி அகலம் காணாதுன்னு ஒரு வாக்கு கேட்டிருந்தா தந்திருப்பேன். செத்துப்போன மனுசனைக் கள்ளன்னு சொல்லியாச்சு. இனி ஒரு விரக்கடை தரமாட்டேன்."

"நீ தராண்டாம். எங்களுக்க வழிய விட்டா போதும்."

"ரெண்டு பேரும் வாய வச்சோண்டு சும்மா இருங்க" என்றார் சிவதாணு அண்ணாச்சி. "உங்களுக்கு ரெண்டு பேச்சு இருக்கும். கரிக்கு ஒரு பேச்சுதான்."

கரியின் பேச்சு

எங்கள் பக்கம் எல்லையை அதிர் என்போம். அதிர்க்கல் நடுவதற்கு ஒரு முறை இருந்தது.

பேச்சு முடிந்ததும் மத்தியஸ்தர் டேப் பிடித்து அளந்து ஒரு முளை அடிப்பார். முளை இருக்கும் இடத்தில் நான் குழி தோண்டுவேன். இரண்டு வீட்டிலிருந்தும் ஆளுக்கு ஒரு தேங்காய்ச் சிரட்டை நிறைய அடுப்புக்கரி கொண்டு வருவார்கள். இரண்டு பேரும் தங்கள் கையால் குழியில் போடுவார்கள். அதன்மேல் கல்லை இறக்குவேன். கல்லின் தலையில் இரண்டு பேரும் கை வைப்பார்கள். நான் மண் தள்ளி இடிப்பேன். பிறகு ஒரே பாத்திரத்திலிருந்து ஊற்றிய சாயாவை எல்லோரும் குடிப்போம்.

கல்லைப் பிடுங்கி மாற்றி வைக்கலாம். கரியை அப்படி மாற்ற முடியாது. அது மண்ணோடு கலந்து கிடக்கும். மழை கரைக்காது, கறையான் தின்னாது. பின்னால் சந்தேகம் வந்தால் தோண்டிப் பார்ப்பார்கள். கரி கிடக்கும் இடம்தான் அதிர். அதற்கு மேல் பேச்சில்லை.

கரியையெல்லாம் கோர்ட் கேட்காது. கோர்ட்டுக்குக் காகிதம் வேண்டும். எங்களிடம் காகிதம் இல்லை. இருந்தாலும் வாசிக்கிறவர்கள் குறைவு. நானே ஏழாம் வகுப்போடு நின்றவன்.

வீட்டுக்குப் பக்கத்தில் நியாயம்

திருவிதாங்கூர் ராஜா காலத்தில் ஒரு வழக்குக்குக் கட்டுச்சோறு கட்டிக்கொண்டு நடக்க வேண்டும் என்று பழைய ஆட்கள் சொல்வார்கள். வாய்தா வாங்கிக்கொண்டு திரும்பி நடக்க வேண்டும். அதற்குள் விதைப்பு தப்பிப்போகும். அதனால்தான் பக்கத்தில் இருப்பவர்களிடம் சொல்லித் தீர்த்துக்கொண்டார்கள். நியாயம் பெரிதென்று செய்ததில்லை. கால் வலித்ததால் செய்தது.

அப்படிப் பேசியதெல்லாம் நேராகவே இருந்தது என்று நான் சொல்லமாட்டேன். வசதி உள்ளவன் பேச்சு கொஞ்சம் கூடுதலாகக் கேட்கப்பட்டது. பெண்களை அடுக்களை வாசலில் நிற்க வைத்துவிட்டு அவர்கள் சொத்தையே பேசிப் பிரித்ததைப் பார்த்திருக்கிறேன். குழி தோண்டுகிறவன் என்பதால் என் பேச்சையும் யாரும் கேட்டதில்லை. நானும் பேசியதில்லை.

சிரிக்கும்படியும் நடந்திருக்கிறது. ஒரு அண்ணன் தம்பிக்கு நடுவே ஒரு பலா மரம். அதிருக்கு மேலேயே நின்றது. ஒரு சக்கைப் பழம் அண்ணனுக்கு, அடுத்த சக்கை தம்பிக்கு என்று பேசி முடித்தார்கள். முதல் சக்கையைக் குரங்கு தின்றுவிட்டது. அது யார் பங்கு என்று மறுபடியும் கூட்டம். "குரங்கையும் விளிச்சு உக்கார வையுங்க, கேப்போம்" என்றார் சிவதாணு அண்ணாச்சி. அந்தச் சகோதரர்கள் பிறகு கோர்ட்டுக்குப் போனார்கள். தீர்ப்பு வருவதற்குள் மரம் பட்டுப்போய்விட்டது.

இப்போது கோர்ட்டுக்குள்ளேயே சமரச மையம் வைத்திருக்கிறார்கள். வேறொரு வழக்குக்குச் சாட்சியாக நான் போனேன். வட்ட மேசை. ஏசி. ஒரு வக்கீல் அம்மா இரண்டு தரப்பையும் எதிரெதிராக உட்கார வைக்காமல் பக்கத்தில் பக்கத்தில் உட்கார வைத்தார். முதலில் தண்ணீர் கொடுத்தார். அடுத்தவர் பேசும்போது குறுக்கே பேசக்கூடாது என்றார். எனக்குப் புதிதாக ஒன்றும் தெரியவில்லை. கடைசியில் எல்லோரும் கையெழுத்துப் போட்டார்கள். அது மட்டும் புதிது.

அந்தக் கையெழுத்தை நான் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு இருந்தேன். காகிதத்தில் அடியும் அங்குலமும் எழுதியிருந்தது. அதைக் கொத்தனாரால் தள்ளி வைக்க முடியாது.

பாறை

கல் நட்ட அந்தப் பழைய நாளைச் சொல்ல வேண்டும்.

ஹெட்மாஸ்டர் கல்கட்டிலிருந்து டேப் பிடித்தார். "அஞ்சடி" என்று சத்தமாகச் சொன்னார். முளை அடித்தார். எல்லோரும் நிழலுக்குப் போய்விட்டார்கள். நான் தோண்டினேன்.

ஒரு அடி ஆழம் போனதும் கடப்பாரை துள்ளியது. கை மரத்துப்போயிற்று. பாறை. மறுபடியும் குத்தினேன். பொறி பறந்தது. பாறையில் வெள்ளையாக ஒரு தழும்பு விழுந்ததுதான் மிச்சம்.

உடைக்க ஒரு முழு நாள் ஆகும். மத்தியானத்துக்கு மேல் மணவாளக்குறிச்சியில் ஒரு வீட்டுக்குக் கான்கிரீட் போட ஆட்கள் காத்திருந்தார்கள். வருகிறேன் என்று சொல்லியிருந்தேன்.

குழிக்கு வழிப்பக்கம் மண் இளக்கமாக இருந்தது. ஒரு சாண் தள்ளித் தோண்டினேன். முளையைப் பிடுங்கி மண்ணோடு போட்டேன். பழைய குழியை மூடினேன். பிறகு கூப்பிட்டேன்.

வந்தார்கள். சிரட்டையிலிருந்து கரியைக் கொட்டினார்கள். ராஜமணியின் அப்பா சிரித்துக்கொண்டே, "எனக்க வீட்டுக் கரிதான் கூடுதல் கறுப்பு, பாத்தியா" என்றார். சுவாமிதாஸ் அண்ணனும் சிரித்தார். யாரும் மறுபடி அளக்கவில்லை. நான் இருக்கும்போது எதற்கு அளக்க வேண்டும்?

ஒரு சாண். அன்று அந்த வழியில் ஒரு சைக்கிள் போனால் பெரிய விஷயம். ஒரு சாணுக்கு என்ன வந்தது என்று நினைத்தேன். சாயா குடித்தேன். மணவாளக்குறிச்சிக்குப் போனேன்.

ஆமா

இனி அந்த ஞாயிற்றுக்கிழமைக்கு வருகிறேன்.

கல்லைச் சுற்றித் தோண்டினேன். அசைத்து எடுத்தேன். அடியில் மண் கறுத்துக் கிடந்தது. ஞானதாஸ் சார் குனிந்து ஒரு துண்டை எடுத்து விரலால் நசுக்கிப் பார்த்தார். விரல் கறுத்தது. எல்லோருக்கும் காட்டினார்.

குழியின் ஒரு பக்கம் பாறையின் விளிம்பு தெரிந்தது. அதில் அந்த வெள்ளைத் தழும்பு. நேற்றுப் பட்டது போல இருந்தது.

"பாறையில்லா கெடக்கு" என்றார் அண்ணாச்சி. அதற்கு மேல் அதைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தார்.

"கொத்தனாரே, இது நீரு நட்ட கல்லுதானே?"

"ஆமா."

"கரி அன்னைக்குப் போட்ட கரிதானே?"

"ஆமா."

"எத்தன அடின்னு பேச்சு? உமக்கு ஓர்மை இருக்கா?"

இந்த இடத்தில் நான் சொல்லியிருக்க வேண்டும்.

நான் நட்ட கற்கள் அறுபத்து மூன்று. ஒன்று தப்பு என்று சொன்னால் அறுபத்து மூன்றையும் தோண்டுவார்கள். தீர்ந்த சண்டையெல்லாம் எழும்பும். அப்படித்தான் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அது பாதிதான் உண்மை. ஐந்து பேர் முன்னால் வெட்கப்பட எனக்கு மனசில்லை. மீதி அது.

"கல்லு இருக்குல்லா அண்ணாச்சி. கரியும் இருக்கு" என்றேன்.

"பின்னே என்ன" என்றார் அவர். "கல்லு நவுரல்ல. ராஜமணிக்க அப்பா மேல குத்தம் இல்ல. மதில் இந்த நேருக்கு வரட்டும்."

அக்கா கரியையே பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு அண்ணன் பக்கம் திரும்பினாள். "அஞ்சடி, அஞ்சடின்னு என்னப் போட்டு அரிச்சியளே. இப்போ பாத்தியளா? எனக்கு நாக்கப் பிடுங்கிட்டுச் சாவலாம்போல இருக்கு."

எங்கள் முறையில் இன்னொன்று உண்டு. யார் பேச்சு தப்போ அவர் எல்லோர் முன்னாலும் அதைச் சொல்ல வேண்டும். சொன்னால்தான் தீர்ந்த மாதிரி.

சுவாமிதாஸ் அண்ணன் நாற்காலியில் இருந்தபடியே கையை நீட்டினார். ஊசி குத்திக் குத்தி வீங்கிய கை. ராஜமணி பக்கத்தில் போனான். அண்ணன் அவன் கையைப் பிடித்துக்கொண்டார்.

"மக்கா, எனக்கு ஓர்மை தப்பிப்போச்சு. உனக்க அப்பன் நல்லவன். நான் தப்பாட்டுச் சொல்லிட்டேன். மாப்பு தா."

ராஜமணி அழுதுவிட்டான். "சரி சித்தப்பா, விடுங்க" என்றான். அக்கா உள்ளே போய்ச் சாயா போட்டுக் கொண்டு வந்தாள். எல்லோரும் குடித்தோம். நானும் குடித்தேன்.

நாற்காலி

மதில் வந்தது. ஆட்டோ ரோட்டிலேயே நின்றது.

செவ்வாயும் வெள்ளியும் காலையில் நான் போனேன். நாற்காலியின் முன்பக்கம் நான். பின்பக்கம் ஆட்டோ ஓட்டும் செல்வன். யாரும் என்னை வரச் சொல்லவில்லை.

"கொத்தனாரே, உமக்கு இங்க என்ன கூலி?" என்று செல்வன் கிண்டல் செய்வான்.

"மெள்ள நட. மதில்ல இடிச்சிராத" என்பேன்.

அண்ணனுக்குச் சிரிப்பு வரும். "கல்யாணத்தன்னைக்குக்கூட என்ன ஒருத்தனும் இப்பிடிச் சொமக்கல்ல, ஏலே செல்வா. மாப்பிள ஊர்வலம் இப்பல்லா நடக்கு."

திரும்பி வரும்போது அவர் துவண்டு கிடப்பார். மருந்து வாசனை அடிக்கும். நாற்காலியின் கைப்பிடி சில இடத்தில் மதிலில் உரசும். உரசிய இடமெல்லாம் சிவப்புக் கோடு விழுந்திருக்கும்.

ஒரு நாள் பாதி வழியில் அவர் கேட்டார். "கொத்தனாரே, அன்னைக்கு ஹெட்மாஸ்டர் சார் அஞ்சடின்னு சொன்ன மாதிரியே காதுல இருக்கு. மனுசனுக்கு ஓர்மை இப்பிடியும் தப்புமா?"

நான் நாற்காலியை மாற்றிப் பிடித்தேன். "வெயில் ஏறுது. போவோம்" என்றேன்.

பிறகு அவர் அதைக் கேட்கவில்லை.

அப்படி ஒரு மழைக்காலமும் ஒரு வெயில்காலமும் போயின. அடுத்த மழை தொடங்கும்போது அண்ணன் இறந்துபோனார்.

பெட்டியை அந்த வழியாகத்தான் கொண்டு வந்தோம். தூக்குகிறவர்கள் இரண்டு பக்கமும் நிற்க இடம் காணவில்லை. மதில் பக்கம் நான். தோள் சுவரில் உராய்ந்து சட்டை கிழிந்தது. வீட்டுக்கு வந்துதான் பார்த்தேன், தோலும் போயிருந்தது.

சொன்னது

அண்ணனுக்கு நாற்பதாம் நாள் கழிந்து அக்கா வீட்டுக்குப் போனேன். புளி உடைத்துக்கொண்டு இருந்தாள். நின்றபடியே சொன்னேன். பாறை, முளை, ஒரு சாண், எல்லாம்.

அவள் கை நின்றது. சத்தம் போடுவாள் என்று நினைத்தேன். போடவில்லை.

"மாத்திரைக்க பேரு மறந்தாக்கூட, 'நானாக்கும் அஞ்சடின்னு சொன்னவன், எனக்க ஓர்மைய நம்பாத'ன்னு சிரிப்பாரு" என்றாள். "நானும் அவரக் கிறுக்குன்னு ஏசிருக்கேன். எத்தன மட்டம் ஏசிருக்கேன்."

புளியங்கொட்டைகளை ஒரு பக்கமாக ஒதுக்கினாள்.

"நாற்காலி தூக்கினப்போ ஒரு நாளாவது அவருக்க காதுல சொல்லப்பிடாதா, கொத்தனாரே? எனக்குச் சொல்லாண்டாம். அவருக்கு மட்டும்."

நான் போகத் திரும்பினேன்.

"சாயா இருக்கு" என்றாள். நான் குடிக்கவில்லை.

அங்கிருந்து நேராக ராஜமணியிடம் போனேன். ஹோஸ் பிடித்துச் செடிக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டு இருந்தான்.

"உனக்க அப்பா கல்லத் தொடல்ல" என்றேன். "சுவாமிதாஸ் அண்ணன் சொன்ன அஞ்சடியும் சரி. நடுவுல நானாக்கும்."

முழுவதும் கேட்டான். தண்ணீர் அவன் காலிலேயே விழுந்துகொண்டு இருந்தது.

"கரி எடுத்தன்னைக்கு உமக்குத் தெரியும்?"

"தெரியும்."

"சித்தப்பா எனக்க கையப் பிடிச்சு மாப்பு கேட்டாரு. நீரு பாத்துட்டு நின்னீரு."

"நின்னேன்."

அவன் குழாயை அடைத்தான். மதிலைப் பார்த்தான்.

"நாளைக்கு வந்து இடியும். ரோட்டு முக்குல இருந்து அஞ்சடிக்கு நேராட்டுக் கட்டித் தாரும். கூலி கிடையாது."

"கூலி வேண்டாம்" என்றேன்.

மறுபடியும் அதே குழி

மதிலை இடித்தேன். பழைய கல்லை எடுத்தேன். முளை இருந்த இடம் எனக்குத் தெரியும். தழும்பு இருந்தது. உளியும் சம்மட்டியும் வைத்துப் பாறையை உடைத்தேன். இந்த வயதில் ஒன்றரை நாள் ஆயிற்று. அன்றைக்கே உடைத்திருந்தால் ஒரு நாளில் முடிந்திருக்கும்.

சிவதாணு அண்ணாச்சி வந்து பார்த்தார். கடையை மகனிடம் விட்டுவிட்டு வந்திருந்தார். "என்னையும் சேத்துல்லா பொய் சொல்ல வச்சிட்டீரு ஓய்" என்றார். அதற்குப் பிறகு அவர் எந்த வழக்குக்கும் போவதில்லை. கூப்பிட்டால், கோர்ட்டில் சமரசம் பேசுகிறார்கள், அங்கே போங்கள் என்கிறார்.

மற்ற அறுபத்திரண்டு கற்களும் முளை இருந்த இடத்தில்தான் இருக்கின்றன. இதைப் படிக்கிற யாருக்காவது சந்தேகம் இருந்தால் தோண்டிப் பாருங்கள். கூப்பிட்டால் கூந்தாலியோடு நானே வருகிறேன்.

கல்லை இறக்கும் நேரத்தில் கரி வேண்டுமே என்று கேட்டேன். ராஜமணி வீட்டில் கேஸ் அடுப்பு. அக்கா வீட்டிலும் கேஸ் அடுப்பு. கரி இல்லாமலே நட்டேன். ராஜமணி கல்லின் தலையில் கை வைத்தான். அக்காவும் வைத்தாள்.

மதிலுக்குப் புது நேரில் நூல் கட்டினேன். செல்வன் ஆட்டோவைக் கொண்டு வந்து காட்டினான். புளிய மரம் வரைக்கும் உரசாமல் போய்த் திரும்பி வந்தது. ஏற ஆள் இல்லை.

"அளந்திருங்க" என்றாள் அக்கா.

டேப்பின் நுனியை அவள் கல்கட்டில் வைத்துப் பிடித்தாள். நான் கல் வரைக்கும் இழுத்தேன். குனிந்து, எல்லோருக்கும் கேட்கும்படி படித்தேன்.

ஐந்தடி.